கூடத்தில் யாருக்கு முதல் இடம்? பிரார்த்தனை நேரத்தைத் திரையிடமிருந்து மீட்கும் முறை

வீட்டில் ஏன் சேர்ந்து பிரார்த்தனை செய்வதில்லை என்று கேட்டால், "முன்ன மாதிரி யாருக்கும் நம்பிக்கை இல்ல" என்ற பதில் சட்டென்று வரும். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் நம்பிக்கை அங்கேயேதான் இருக்கிறது. அதற்கென்று இருந்த இருபது நிமிடத்தைத்தான் காணோம். கண் விழித்ததும் கிடைக்கும் பத்து நிமிடத்திலும், படுக்கும் முன் கிடைக்கும் பத்து நிமிடத்திலும் போன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அதனால் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்ற பட்டியலைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, இந்த இருபது நிமிடத்தை மீட்பதிலிருந்து தொடங்குகிறோம். எந்த மதத்தைப் பின்பற்றும் வீட்டுக்கும் முறை ஒன்றுதான்.

ஏழு நாள் கணக்கு

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். ஒரு தாளை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டி, நான்கு கட்டம் போடுங்கள்: யார், எத்தனை மணிக்கு, எதற்காகப் போனை எடுத்தோம், கடைசியில் எதில் போய் முடிந்தது. மூன்றாவது கட்டத்துக்கும் நான்காவது கட்டத்துக்கும் உள்ள தூரம்தான் முக்கியம். "மணி பார்க்க எடுத்தேன்" என்று ஒரு கட்டத்தில் இருக்கும்; அடுத்த கட்டத்தில் "ரீல்ஸ், 25 நிமிடம்" என்று இருக்கும்.

ஞாபகத்தை மட்டும் நம்பாமல் போனையே கேளுங்கள். ஆண்ட்ராய்டில் 'டிஜிட்டல் வெல்பீயிங்', ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்'. இரண்டிலும் எந்தச் செயலியில் எவ்வளவு நேரம், எத்தனை நோட்டிஃபிகேஷன் என்ற கணக்கு இருக்கும். போனை எத்தனை முறை கையில் எடுத்தோம் என்பதும் தெரியும். மொத்த மணி நேரத்தைவிட இந்தக் கடைசி எண்தான் உண்மையைச் சொல்லும். டிவிக்குப் பெரும்பாலும் இப்படிக் கணக்கு கிடையாது; அதைத் தாளில்தான் எழுத வேண்டும். யாரும் பார்க்காமல் சும்மா ஓடிக்கொண்டிருந்த நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

இந்தக் கட்டத்தில் இரண்டு தவறுகள் வழக்கமாக நடக்கும். ஒன்று, பிள்ளைகளின் கணக்கை மட்டும் எழுதுவது. பெரியவர்கள் பெயர் தாளில் இல்லையென்றால் மூன்றாம் நாளே அந்தத் தாளை யாரும் மதிக்க மாட்டார்கள். இரண்டு, கணக்கு எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் முதல் ஓரிரு நாள் எல்லோரும் நல்ல பிள்ளையாகிவிடுவார்கள். ஆகவே முதல் இரண்டு நாளைத் தள்ளிவிட்டு, மீதி ஐந்து நாளை மட்டும் கணக்கில் எடுங்கள்.

சார்ஜர் எங்கே இருக்கிறது?

இந்த வழிமுறையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்: வீட்டிலுள்ள எல்லா சார்ஜர்களையும் படுக்கையறையிலிருந்து எடுத்துக் கூடத்தில் ஒரே இடத்தில் வையுங்கள். இரவு ஒரு குறித்த நேரத்தில் எல்லாப் போனும் அங்கே போக வேண்டும். காலைப் பிரார்த்தனை முடிந்த பிறகுதான் அங்கிருந்து எடுக்க வேண்டும். மன உறுதியைக் கொண்டு செய்யப் பார்ப்பதைவிட, எழுந்து பத்து அடி நடக்க வைப்பது அதிகம் வேலை செய்யும்.

உடனே வரும் மறுப்பு, "அலாரம் போன்லதானே இருக்கு" என்பது. தனியாக ஓர் அலாரக் கடிகாரம் வாங்குங்கள். அதைத் தள்ளிப்போட்டால் இந்தத் திட்டம் ஒரு வாரம் தாங்காது.

அடுத்த மறுப்பில் நியாயம் உண்டு: அவசர வேலையில் இருப்பவர்கள், தூரத்தில் வயதான பெற்றோர் உள்ளவர்கள். அவர்கள் போனை அணைக்க வேண்டாம். 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டு, குறிப்பிட்ட எண்களுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். கூடவே, ஒரே ஆள் மீண்டும் அழைத்தால் மணி ஒலிக்கும் வசதியையும் இயக்கி வையுங்கள். ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள், ஐபோனில் 3 நிமிடத்துக்குள் அதே எண்ணிலிருந்து இரண்டாவது அழைப்பு வந்தால் அது தடையைத் தாண்டி ஒலிக்கும். 'அவசரம்னா ரெண்டு தடவை கூப்பிடுங்க' என்று உறவினர்களிடம் சொல்லி வைத்துவிட்டால், போன் கூடத்தில் கிடந்தாலும் மனம் பதறாது.

நேரத்தை முதலில் நட்டு வையுங்கள்

நேரம் கிடைக்கும்போது வழிபடலாம் என்று பழைய மரபுகள் பல விட்டுவிடவில்லை. இஸ்லாத்தில் ஐந்து வேளைத் தொழுகைக்கும் சூரியனின் நிலைதான் கணக்கு. யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை சூரியன் சாயும்போது தொடங்கிவிடும். வேலை முடிந்ததா இல்லையா என்று அது கேட்பதில்லை. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் வகுத்த துறவு மடத்து விதிகள் பகலில் ஏழு முறை, இரவில் ஒரு முறை என்று வழிபாட்டு வேளைகளைப் பிரித்து வைத்தன. வேளையை முதலில் நட்டுவிட்டு, மற்ற வேலையை அதைச் சுற்றி அடுக்குவதுதான் இவர்கள் எல்லோருடைய உத்தியும். நம் வீடுகளில் இது தலைகீழாகிவிட்டது: தொடர் முடிந்ததும், மேட்ச் முடிந்ததும், எல்லோரும் வந்ததும் என்று பிரார்த்தனை வரிசையின் கடைசியில் நிற்கிறது.

நேரத்தைக் கடிகார மணியோடு கட்டுவதைவிட, ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒரு செயலோடு கட்டினால் நிற்கும். இரவுச் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவி வைத்த உடனே என்பது போல. எட்டரை மணி என்று வைத்தால், எட்டு நாற்பதுக்கு வந்தவர் "நேரம்தான் போயிடுச்சே" என்று நழுவ வழியுண்டு.

அளவு: தொடக்கத்தில் 7 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். ஒரு நிமிடம் மௌனம். மூன்று நிமிடம் வாசிப்பு. எட்டுப் பத்து வரி போதும், ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். ஒரு நிமிடம், வாசித்ததில் மனதில் நின்ற ஒரு சொல்லை விருப்பமுள்ளவர் சொல்லலாம். யாரையும் வற்புறுத்தக் கூடாது. இரண்டு நிமிடம் சேர்ந்து பிரார்த்தனை. வாசிப்பவர் நாளுக்கு ஒருவராக மாற வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை தட்டுத் தடுமாறி வாசிக்கும் நாளில் கேட்பவர்களின் கவனம் கூடுகிறதே ஒழியக் குறைவதில்லை.

வாசிப்புக்கு அச்சுப் புத்தகம் வேண்டும். போனில் வாசித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்: நான்காவது வரியில் திரையின் மேலிருந்து ஒரு பட்டை இறங்குகிறது. வாசிப்பவர் நிறுத்துவதில்லை, ஆனால் குரல் அரை நொடி தொய்கிறது. கட்டைவிரல் பட்டையை மேலே தள்ளுகிறது. யாருடைய பெயர் அதில் இருந்தது என்று கண் பார்த்துவிட்டது. அடுத்த இரண்டு வரியை வாய் மட்டும் படிக்கிறது. எதிரில் இருக்கும் பிள்ளைக்கு இது அப்படியே தெரிகிறது. அந்தப் பிள்ளை அன்று கற்றது வேதத்தின் நான்காவது வரியை அல்ல.

புத்தகம் இல்லை, போன்தான் வழி என்றால், பகுதியை முன்கூட்டியே பதிவிறக்கிவிட்டு ஏர்பிளேன் மோடில் போடுங்கள். அப்போதும் வைஃபை அணைந்ததா என்று தனியாகப் பார்க்க வேண்டும். முன்பு ஒரு முறை ஏர்பிளேன் மோடில் இருந்தபடி வைஃபையை இயக்கியிருந்தால், இன்றைய போன்கள் பல அதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை அணைப்பதில்லை.

எத்தனை நாளில் இது பழக்கமாகும்? புதுப் பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர எவ்வளவு காலமாகிறது என்று லண்டனில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வு 2010-ல் வெளிவந்தது. சராசரி 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. ஒரு நாள் தவறிப்போனது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே இருபத்தோராம் நாளில் இன்னும் இழுத்துப் பிடித்து உட்கார வைக்க வேண்டியிருந்தால், திட்டம் தோற்றுவிட்டது என்று எண்ண வேண்டாம்.

இங்கே வேலையைக் கெடுப்பவை பெரும்பாலும் பெரியவர்களின் கைவண்ணம்தான். "கடவுளே, இந்தப் பையனுக்கு நல்ல புத்தியைக் கொடு" என்று பதின்வயது மகனை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு சத்தமாக வேண்டுவது ஒரு வகைத் திட்டு. அது யாருக்குச் சொல்லப்படுகிறது என்று அவனுக்குத் தெரியும். "பிரார்த்தனை முடிச்சாதான் போன்" என்பது அதைவிட மோசம். அன்றிலிருந்து பிரார்த்தனை சுங்கச்சாவடி ஆகிவிடுகிறது. கட்டிவிட்டுக் கடந்து போக வேண்டிய ஒன்று.

இயந்திரத்தைத் திருத்துவது

இந்த வேலைக்கு ஒரு ஞாயிறு மதியம் போதும். முதலில் ஆட்டோபிளே. யூடியூபில் அடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியை டிவி, போன், கணினி என்று ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பார்த்து அணையுங்கள். ஒன்றில் அணைத்தால் போதும் என்று விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு.

அடுத்து நோட்டிஃபிகேஷன். மனிதர்கள் நேரடியாக அனுப்பும் செய்தியும் அழைப்பும் தவிர மற்ற எல்லாவற்றையும் நிறுத்துங்கள். குழுக்களை மியூட் செய்யுங்கள். தினம் ஒரு வசனம் அனுப்பும் பக்திச் செயலியும் இந்தக் கணக்கில் சேரும். வசனத்தைப் பார்க்கப் போனைத் திறந்தவர் வசனத்தோடு மூடுவது அபூர்வம்.

யூடியூபில் பார்த்தவற்றின் வரலாற்றை நிறுத்தி, பழையதை அழித்துவிட்டால், முகப்பில் பரிந்துரைகள் வராது. தேடினால்தான் ஏதாவது தெரியும். 2023 ஆகஸ்டிலிருந்து இப்படி இருக்கிறது. கூடத்து டிவியில் இது நல்ல ஏற்பாடு. தாத்தா பார்த்த அரசியல் விவாதம் பேத்திக்குப் பரிந்துரையாக வராது.

ஆனால் முடிவில்லாமல் உருளும் பக்கத்துக்கு இப்படிப் பொத்தான் கிடையாது. அதை 2006-ல் வடிவமைத்த ஏசா ராஸ்கினே பிற்பாடு அதற்காக வருத்தம் தெரிவித்தார். புத்தகத்தில் அத்தியாயம் முடியும், கச்சேரியில் மங்களம் பாடுவார்கள். இதில் 'போதும்' என்று சொல்ல ஓரிடம் கிடையாது. அந்த இடத்தை வெளியிலிருந்துதான் வைக்க வேண்டும். செயலிக்கு நேர வரம்பு போடுங்கள். ஐபோனில் வரம்பு வைத்ததும் அதற்கு ஒரு பாஸ்கோடும் போட்டு, வரம்பு முடிந்ததும் தடுக்கச் சொல்லும் தேர்வையும் இயக்க வேண்டும். இல்லையென்றால் 'இன்றைக்கு விட்டுவிடு' என்ற பொத்தான் பக்கத்திலேயே இருக்கும். கணவனின் பாஸ்கோடை மனைவியும், மனைவியுடையதைக் கணவனும் வைத்துக்கொள்வது நல்லது. கேட்டு வாங்கும் சங்கடமே பாதி வேலையைச் செய்துவிடும்.

சிறு பிள்ளைகளுக்கு அளவு தெளிவாகவே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு வயதுக் குழந்தை வரை உட்கார்ந்து திரை பார்ப்பதே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் நல்லது. யூடியூப் கிட்ஸில், பெற்றோர் தேர்ந்தெடுத்த வீடியோக்கள் மட்டும் வரும்படி வைக்க முடியும். அப்போது தேடும் வசதி இருக்காது. பிள்ளைக்கு வரும் பக்திக் கதை கார்ட்டூன்களையும் நீங்கள் ஒரு முறை முழுதாகப் பார்த்துவிட்டே பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

பக்தி வீடியோவுக்கும் சோதனை உண்டு

சினிமாவைச் சந்தேகிக்கிற வீடு பிரசங்கத்தைச் சந்தேகிப்பதில்லை. பக்தியின் பெயரில் ஓடுவதால் எத்தனை மணி நேரம் ஓடினாலும் யாரும் அணைக்கச் சொல்வதில்லை. ஆனால் அடுத்த வீடியோவைத் தேர்ந்தெடுக்கும் இயந்திரத்துக்குச் சொற்பொழிவும் சண்டைக்காட்சியும் ஒன்றுதான். கண் நிற்கிறதா என்பது மட்டுமே அதன் கணக்கு. சாந்தமான விளக்கத்தைவிட, "அவங்க நம்மள என்ன பண்ணப் போறாங்க தெரியுமா" என்ற ஆவேசத்தில் கண் அதிகம் நிற்கும்.

ஒரு வாரம் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். வீடியோ முடிந்ததும் ஐந்து நிமிடம் கழித்து: இதற்குப் பிறகு மூல நூலைத் திறந்தேனா, பிரார்த்தனை செய்தேனா, யாருக்காவது போன் செய்து நலம் விசாரித்தேனா? அல்லது யாரோ முகம் தெரியாத கூட்டத்தின் மேல் எரிச்சலோடு அடுத்ததைத் தட்டினேனா? பேசியவர் பயத்தைக் காட்டிப் பணம் கேட்டாரா, உடனே பகிரச் சொன்னாரா? எரிச்சலும் பயமும் தொடர்ந்து மிஞ்சினால் அந்தச் சேனலுக்கு 'இதைப் பரிந்துரைக்காதே' என்று கொடுத்துவிடுங்கள். அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் கெர்ப்னர் 1970-களில் டிவி பற்றிச் சொன்னது இங்கேயும் பொருந்தும்: அதிகம் பார்ப்பவர்களுக்கு உலகம் உள்ளதைவிடக் கொடியதாகத் தோன்றத் தொடங்கும். அக்கம்பக்கத்து மனிதர்களை அஞ்ச வைக்கிற பக்தி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், நூலிலிருந்து வந்ததைவிடத் திரையிலிருந்து வந்தது அதிகம் இருக்கும்.

வழிபாட்டை நேரலையில் பார்ப்பது வேறு. நடமாட முடியாதவர்களுக்கு அது வரம். போனில் படுத்துக்கொண்டு பார்க்காமல், டிவியில் முழுத்திரையில், கமென்ட் ஓட்டத்தை மறைத்துவிட்டு, நேரில் போனால் எப்படி உட்காருவார்களோ அப்படி உட்கார்ந்து பார்க்கச் செய்யுங்கள். முடிந்ததும் டிவியை அணையுங்கள்.

குடும்பக் குழுவில் வரும் ஃபார்வர்டுகள்

வாட்ஸ்அப் செய்தியின் தலையில் இரட்டை அம்பு இருந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று பொருள். அப்படிப்பட்டதை ஒரு முறைக்கு ஒரு உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்ற கட்டுப்பாடு 2020 ஏப்ரலில் வந்தது. இரட்டை அம்பு பொய்க்கான முத்திரை இல்லை. எழுதியவர் யாரென்று அனுப்பியவருக்கும் தெரியாது என்பதற்கான முத்திரை.

பக்தி ஃபார்வர்டுகளைச் சோதிக்க மூன்று நிமிடம் போதும். மேற்கோள் என்றால் அத்தியாயம், பாடல் அல்லது வசன எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அனுப்பக் கூடாது. இருந்தால் புத்தகத்தைத் திறந்து, முன்னும் பின்னும் நான்கு வரி சேர்த்துப் படியுங்கள். எண் சரியாக இருந்து பொருள் முறிந்திருப்பதும் உண்டு. அற்புதப் படம் என்றால் கூகுள் லென்ஸில் போட்டு, அது முதலில் எங்கே, எப்போது வந்தது என்று தேடுங்கள். "இத்தனை பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும், அனுப்பாவிட்டால் கெட்டது" என்று முடிவதைச் சோதிக்கவே வேண்டாம், அழித்துவிடலாம்.

ஒரே செய்தி நான்கு குழுவில் வந்தால் உண்மை போலத் தோன்றும். திரும்பத் திரும்பக் கேட்ட கூற்றை மனம் அதிகம் நம்புகிறது என்பதை 1977-லேயே ஆய்வில் காட்டிவிட்டார்கள். ஆகவே 'எல்லாரும் அனுப்புறாங்க' என்பதற்குச் சான்றின் மதிப்பு எதுவும் இல்லை.

திருத்துவது எப்படி என்பதில்தான் குடும்பங்கள் உடைகின்றன. குழுவிலேயே "இது பொய்" என்று இணைப்பைப் போடாதீர்கள். பெரியவர் எல்லோர் முன்னும் தலைகுனிந்ததாக நினைப்பார். மறுநாள் இன்னும் பத்து அனுப்புவார். தனியே கூப்பிட்டு, தேடும் வேலையை அவரிடமே கொடுங்கள்:

"பாட்டி, காலையில ஒரு படம் அனுப்பியிருந்தீங்களே, அந்த வரி நம்ம புத்தகத்துல எங்க வருது? நான் தேடினேன், கிடைக்கல."

"அதுலதான் இருக்குன்னு போட்டிருந்தாங்களே கண்ணு."

"எனக்கு எங்க தேடணும்னு சரியா தெரியல போல. நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க. இருந்தா நானும் நாலு பேருக்கு அனுப்புறேன்."

பாட்டி தேடுவார். கிடைக்காவிட்டால் அதை அவரே குழுவில் சொல்லட்டும், அல்லது சொல்லாமலே விடட்டும். தேடும்போது வேறு நல்ல வரி கண்ணில் பட்டால், அதை அவர் குரலிலேயே வாசித்துப் பதிவு செய்து குழுவில் போடச் சொல்லுங்கள். ஃபார்வர்டுக்கு இதைவிட நல்ல மாற்று இல்லை.

பதின்வயதுப் பிள்ளைகளும், நம்பாத துணையும்

நம்பிக்கையைக் கேலி செய்யும் காட்சி வந்ததும் ரிமோட்டைப் பிடுங்குவது, அந்தக் காட்சிக்கு இல்லாத பலத்தைக் கொடுத்துவிடும். நிறுத்தாமல் பார்த்துவிட்டு, முடிந்தபின் ஒரே கேள்வி கேளுங்கள்: "இதுல எது நியாயமான கேள்வி, எது வெறும் கிண்டல்?" பிள்ளை சொல்லும் நியாயமான கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லையென்றால் "தெரியல, விசாரிச்சுச் சொல்றேன்" என்று சொல்லி, ஒரு வாரத்துக்குள் விசாரித்துச் சொல்லுங்கள். சொன்னபடி திரும்பி வராவிட்டால் அடுத்த கேள்வி திரையிடம்தான் போகும்.

விதிகளை எழுதி வைப்பதானால், பெரியவர்கள் கைவிடுவதாக ஒப்புக்கொண்டதை மேலே எழுதுங்கள். சாப்பாட்டு மேசையில் அலுவலக அழைப்பை எடுக்க மாட்டேன் என்று அப்பா எழுதிய வரிக்குக் கீழேதான் மகளின் கையெழுத்து விழும்.

கணவன் மனைவியில் ஒருவருக்கு நம்பிக்கை இல்லாத வீடுகளும் உண்டு. அவரை இழுத்து உட்கார வைக்க வேண்டாம். அவரிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: அந்த 7 நிமிடமும் டிவி அணைந்திருக்க வேண்டும், போன் கூடத்தில் இருக்க வேண்டும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகம் படிக்கட்டும். பதிலுக்கு, பிரார்த்தனையில் அவர் மனம் மாற வேண்டும் என்று சத்தமாக வேண்டாதீர்கள்.

தடம் புரளும்போது

விருந்தாளி, தேர்வு, நோய், பயணம் என நான்கில் ஏதாவது ஒன்று வந்து இந்த ஏற்பாட்டைக் கலைக்கும். திரும்பத் தொடங்கும்போது 7 நிமிடத்திலிருந்து தொடங்காதீர்கள். 3 நிமிடம், ஒரு வாசிப்பு, அவ்வளவே. ஒரு வாரத்தில் பழைய அளவு தானாக வந்துவிடும். பயணத்தில் சார்ஜர் மூலை இருக்காது. அலாரக் கடிகாரத்தையும் சின்ன அச்சுப் புத்தகத்தையும் ஒரே பையில் வைத்து எடுத்துப் போங்கள், போன்கள் இரவில் அந்தப் பைக்குள் போகும். நான்கு வாரத்துக்கு ஒரு முறை, போனில் உள்ள எண்ணை முதல் வாரத்துத் தாளோடு ஒப்பிடுங்கள். எடுத்த தடவைகள் குறையாமல் நேரம் மட்டும் குறைந்திருந்தால், எங்கோ ஒரு நோட்டிஃபிகேஷன் இன்னும் அணைக்கப்படாமல் இருக்கிறது.